பதினான்காவது ஷரத்து

மார்ச் மாதக் கடைசியோடு எங்கள் ஃபேக்டரியில் மூன்றாவது லைனை மூடப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ராபினுக்குத் தெரியாது. ராபின்தான் அந்த லைனின் மேனேஜர். எனக்குப் புருஷன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு வருஷ லீஸில் ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பதற்காக அவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. கார்களுக்கு சைலன்சர் குழாய் செய்கிறோம். நானும் ராபினும் ஒரே வருஷத்தில் டிரெயினியாகச் சேர்ந்தவர்கள். அதனால்தான் இன்னும் பேர் சொல்லி, நீ வா போ என்று பேசிக்கொள்கிறோம். என் மாமியாருக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். அவன் உற்பத்தியில் மேலே போனான், நான் பர்ச்சேஸில் மேலே போனேன்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி பிளாண்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு, மூன்றாவது லைனுக்கு ஸ்டீல் டியூப் வாங்கும் வருஷ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம், மார்ச் வரைக்கும் வந்தால் போதும் என்றார். ஏன் என்று கேட்டேன். அந்த லைன் மொத்தமாக வேறு மாநிலத்துக்குப் போகிறதாம். மேனேஜரையும் சேர்த்து நாற்பத்தேழு பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்களாம். சொல்லிவிட்டு ஒரு தாளை நகர்த்தினார். விஷயம் வெளியே போனால் என் வேலை போகும் என்று அதில் இருந்தது. "வீட்டிலயும் சொல்லக் கூடாது" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். பக்கத்தில் நின்ற எச்.ஆர். சுப்பிரமணி பேனாவைக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டாய் என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டு லோனைக் கட்டிவிட்டு வந்து கேட்கட்டும். எங்கள் மகள் மோனிகா ஒன்பதாவது படிக்கிறாள். ரெண்டு சம்பளத்தில் ஒன்றாவது நிலைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதில் தப்பு இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தூக்கம் போனது. ராபின் பல் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே போய் நிற்பேன். "இன்னா?" என்பான். "ஒண்ணும் இல்ல" என்பேன். சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். வெண்டர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் ஆபீஸ் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமாக வந்தது ராபினின் சந்தோஷத்தைப் பார்த்துத்தான். ஜனவரியிலிருந்து அவன் லைனை மூன்று ஷிப்டும் ஓட்டச் சொல்லியிருந்தார்கள். ஆர்டர் குவிகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். லைனைப் பிரித்து, கொண்டுபோய், மறுபடி பூட்டும்வரைக்கும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஸ்டாக் சேர்க்கிறார்கள் என்று எனக்குத்தானே தெரியும். அவன் தினமும் வீட்டுக்கு வந்து இன்றைக்கு எத்தனை குழாய் என்று எண்ணிக்கை சொல்லுவான். நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கார் வந்தது. எங்கள் கம்பெனியில் மேனேஜர் ஆனவர்களுக்கு லீஸில் கார் எடுக்கும் வசதி உண்டு. லீஸ் கம்பெனி காரை வாங்கும், நாம் ஓட்டலாம், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், நாலு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது மிச்ச விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மற்ற மேனேஜர்கள் குடும்பத்தோடு போகிற மாதிரி பெரிய கார் எடுத்தார்கள். ராபினுக்கு வேண்டியது இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். காரணம் ஒன்றுதான். அந்தக் காருக்கு சைலன்சர் குழாய் வளைப்பது அவன் லைன். ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளை அவன். பதினோரு வருஷமாகக் குழாய் அனுப்புகிறான், அந்தக் காரில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

நான் தடுக்காமல் இல்லை. நம் தெருவில் இருக்கிற வேகத்தடைக்கு அந்தக் காரின் வயிறு தாங்காது என்றேன். மோனிகாவுக்குப் பின் சீட்டில் கால் நீட்ட முடியாது என்றேன். சிவப்பு வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் சிரித்தான். உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாதவள் வேறு எதைச் சொன்னாலும் நொட்டை சொல்கிற மாதிரிதானே இருக்கும்? கடைசியில் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்யலாம் என்று முடிவு பண்ணினேன். அந்தப் பேப்பரில் தப்பித்து வர ஒரு வழியை எழுதி வாங்கிவிடுவது. வேலை போனாலும் கார் எங்களைத் தின்னாமல் பார்த்துக்கொள்வது.

சர்ச் முடிந்து வந்தபோது லீஸ் கம்பெனிக்காரர் அருண்பாண்டியன் டெஸ்ட் டிரைவ் காரோடு வாசலில் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இனிமையாகப் பேசுவார். இனிமையாகப் பேசும் வெண்டரிடம் நான் ரெண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருப்பேன்.

ஆரம்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். பின்னால் அருண்பாண்டியன் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ராபின் ஜன்னலை இறக்கிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான். ஏசி போடு, புகை வருகிறது என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை.

"கேளு சுகி. நம்ம பைப்புதான் பேசுது."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அவன் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது. அவ்வளவு பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் ஒப்பந்தத்தை விரித்தோம். இருபத்திரண்டு ஷரத்துகள். ராபின் வாடகையை மட்டும் பார்த்தான். மாதம் நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு. எல்லோரும் அங்கேதான் பேரம் பேசுவார்கள். நான் முதலில் காரின் விலையைப் பிடித்தேன். நீங்கள் மொத்தமாக வாங்குகிறவர்கள், ஷோரூம் உங்களுக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கும், எங்களுக்கு மட்டும் ஏன் முழு விலை மேல் வாடகை கணக்குப் போடுகிறீர்கள் என்றேன். அருண்பாண்டியன் சிரித்தார், நெளிந்தார், போனில் யாரிடமோ கேட்டார். வாடகை நாற்பதாயிரத்து இருநூறுக்கு வந்தது.

அடுத்து பெயிண்ட். கார் திரும்பி வரும்போது பெயிண்ட் கெட்டிருந்தால் அபராதம் என்று இருந்தது. அவரைக் கையோடு மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், காலையில் நான் காயப்போட்ட வெள்ளை பெட்ஷீட்டைக் காட்டினேன். இரும்பு உருக்கும் ஆலைக் கரி அதில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. இந்த ஊரில் நிறுத்துகிற காருக்கு இது சகஜமான தேய்மானம் என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்பதைப் பதினைந்தாயிரமாக்கினேன். ராபின் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்டம்மாகிட்ட மாட்டிக்கினீங்க" என்று அவரிடம் சொன்னான்.

இதெல்லாம் சும்மா. நான் போய்ச் சேர வேண்டிய இடம் பதினான்காவது ஷரத்து. வேலையை விட்டாலும் சரி, வேலையிலிருந்து அனுப்பப்பட்டாலும் சரி, பாக்கி இருக்கும் மாதங்களுக்கான வாடகையில் பாதியை ஒரே தடவையில் கட்ட வேண்டும். ரெண்டாவது மாதத்தில் வேலை போனால் ஒன்பது, பத்து லட்சம் வரும். நான் அதை முந்தின நாளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

அவனாக வேலையை விட்டால் கட்டட்டும், கம்பெனி அனுப்பினாலோ லைனை மூடினாலோ ஒரு மாத வாடகையோடு காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அப்படி மாற்றுங்கள் என்றேன். எவ்வளவோ சாதாரணமாகச் சொல்லப் பார்த்தேன். குரல் ஒரு பிடி ஏறிவிட்டது.

ராபின் சிரித்தான். "இன்னா சுகி, என்னைத் தூக்கப் போறாங்களா?"

எந்த ஒப்பந்தத்திலும் வெளியேறும் வழி இருக்க வேண்டும், பர்ச்சேஸில் அதுதான் பாலபாடம் என்று ஏதோ உளறினேன். அது வழக்கமான ஷரத்து, எல்லா கம்பெனிக்கும் அப்படித்தான் என்றார் அருண்பாண்டியன். அப்படியானால் கார் வேண்டாம் என்றேன். வாடகையில் இன்னும் ஐந்நூறு குறைக்கிறேன் என்றார். ஐந்நூறு வேண்டாம், இதை எழுதுங்கள் என்றேன். சீட் கவர் இலவசமாகத் தருகிறேன் என்றார். உங்கள் சீட் கவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ராபின் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. பிடித்த இடத்தை விடாமல் பிடிக்கிற வேலையைத்தான் பதினாறு வருஷமாகச் செய்கிறேன். முடியாது என்றால் தாளை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று எழுந்தே விட்டேன்.

வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்ற பதற்றம் அவருக்கு.

"மேடம், பேஜாராவாதீங்க. முடியாதுன்னு நான் சொல்லல. உங்க கம்பெனியிலயே இந்த மாசம் ரெண்டு பேருக்கு இத மாத்திக் குடுத்துக்கீறோம். எச்.ஆர்.ல சுப்பிரமணி சாரு, அக்கவுண்ட்ஸ்ல ஹெலன் மேடம். எங்க மேனேஜர்கிட்ட ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். சுப்பிரமணியும் ஹெலனுமா? அவர்களுக்கே அவர்கள் வேலை மேல் நம்பிக்கை இல்லையா? அதற்குள் ராபின் மேஜை மேல் விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான்.

"எச்.ஆரு. அக்கவுண்ட்ஸு. பர்ச்சேஸு" என்றான். கம்பெனியில் எது நடந்தாலும் முதலில் தெரிகிற மூன்று இடங்கள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான். "எந்த லைனு?"

"மூணு."

"எப்ப?"

"மார்ச்."

"அப்ப மூணு ஷிப்டு ஓட்றது ஆர்டருக்கு இல்ல. ஸ்டாக்குக்கு" என்றான். ஒரு நிமிஷத்தில் அவனே எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டான். முட்டாள் இல்லை என் புருஷன். என்னை நம்பினான், அவ்வளவுதான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். டிசம்பர் பதினொன்று என்றேன்.

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று ரெண்டு மாதமாகத் தயார் பண்ணி வைத்திருந்தேன். மோனிகாவின் ஃபீஸ், வீட்டு லோன், நான் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவன் கத்தவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டான்.

அருண்பாண்டியன் முகம் மலர்ந்து உள்ளே வந்தார். மேனேஜர் ஒத்துக்கொண்டாராம். பதினான்காவது ஷரத்தை நான் சொன்ன மாதிரியே மாற்றி, புதுத் தாளை மெயிலில் அனுப்பிவிட்டார்களாம். டேப்லெட்டில் காட்டினார். ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தது. இத்தனை வருஷத்தில் இதைவிட நியாயமான ஒப்பந்தத்தை நான் பேசி வாங்கியதில்லை. சனியன், அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு திருப்தி வந்தது.

ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று அவரைக் கீழே அனுப்பினேன். ராபினிடம் கெஞ்சினேன். இப்போது நமக்கு எந்த நஷ்டமும் இல்லை, ஆசைப்பட்ட காரை ரெண்டு மாதமாவது ஓட்டு, மார்ச்சில் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்குள் வேறு வேலை பார்க்கலாம், என் சம்பளம் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சேகருக்கு இன்னா சொல்லப் போற?" என்றான்.

சேகர் அவன் லைனில் குழாய் வளைக்கும் மெஷினை ஓட்டுகிறவர். பெத்திக்குப்பம் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டு ஆறு வருஷமாக வீடு கட்டப் பயந்துகொண்டிருந்தவர். பொங்கல் கழிந்து அஸ்திவாரம் தோண்டிக் கடக்கால் போட்டார். நாங்கள் ரெண்டு பேரும் போயிருந்தோம்.

"வேலை நிலைக்குமான்னு பேங்குல கேட்டாங்க. நான்தான் லெட்டர் குடுத்தேன். லைனு மூணு ஷிப்டு ஓடுது, அஞ்சு வருசத்துக்குக் கவல இல்லன்னு என் கையால எழுதினேன். அவன் பயந்துகினுதான் இருந்தான். தைரியமா போடுன்னு சொன்னது நான். நீ பக்கத்துல நின்னுகினு இருந்த."

நின்றுகொண்டுதான் இருந்தேன். அது மட்டுமில்லை. சேகரின் மனைவி செங்கம்மாள் மஞ்சள் தடவிய செங்கல் ஒன்றை என் கையில் கொடுத்து, மேனேஜர் வீட்டம்மா கையால் ஒரு கல் வைக்க வேண்டும் என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி வைத்தேன். கேசரி சாப்பிட்டேன். வரும் வழியில் கேசரியில் நெய் தாராளம் என்று ராபினிடம் சொன்னேன்.

பைக் சாவியை எடுத்துக்கொண்டே, சேகர் நாளைக்குக் காலையில் லோனின் ரெண்டாவது தவணையை வாங்கப் போகிறார், இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்றான். என் பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். அது எப்படி வராமல் இருக்கும்? அவனுக்கு வேறு யார் சொல்லியிருக்க முடியும்? சேகருக்குத் தெரிந்தால் நாளைக்கு முதல் ஷிப்டு முடிவதற்குள் லைன் முழுக்கத் தெரியும். சாயங்காலம் சுப்பிரமணி நான் டிசம்பரில் கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் வைப்பார். ரெண்டு சம்பளமும் போகும்.

எனக்கு ஒரு நாள் டைம் கொடு என்றேன். நானே பிளாண்ட் ஹெட்டிடம் பேசி, ஆட்களுக்கு முறையாகச் சொல்ல வைக்கிறேன் என்றேன். ஒரு நாள் வேண்டாம், அரை நாள் கொடு. காலையில் பத்து மணி வரைக்கும் கொடு. சேகரை மட்டும் பேங்குக்குப் போகாமல் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்து.

"என்கிட்டயும் பேரம் பேசறியா சுகி?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். அதுதான் என்னைக் குத்தியது.

படியில் இறங்கிப் போய்விட்டான். கீழே அருண்பாண்டியனிடம் கார் சாவியைக் கொடுத்து, இப்போது வேண்டாம் தம்பி, மன்னிச்சுக்குங்க என்று அவன் சொல்வது கேட்டது. மேடம் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்றே என்று அவர் திகைத்தார். பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் வந்தது. நான் ஹாலில் நின்று என் காரணங்களை மறுபடி ஒரு முறை எண்ணினேன். ஒன்றும் பொய்யில்லை. எல்லாமே நிஜமான காரணங்கள். ஆனால் செங்கம்மாளைப் பார்த்து அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். ராபின் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் முன்னால் ஒரு டிரெய்லர் லாரி ஊர்ந்துகொண்டு போனது. அவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

மனையில் சேகர் புதிதாகப் போட்ட தூண்களுக்கு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். வீட்டைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். செங்கம்மாள் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுவிட்டு டீ வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். சேகர் எங்களை உட்கார விடவில்லை. இது ஹால், இது சமையல்கட்டு, பிள்ளைகள் படிக்க இந்த மூலை என்று கையில் ஹோஸோடு மண்ணில் நடந்து நடந்து காட்டினார். ராபின் ரெண்டு முறை சொல்ல ஆரம்பித்துவிட்டு, அவர் காட்டிய அடுத்த மூலைக்கு நடந்தான். செங்கம்மாள் டீயோடு வருவது தெரிந்தது.

"சேகர், நாளைக்கி பேங்குக்குப் போவாதீங்க" என்றேன் நான். "மார்ச்சோட உங்க லைன மூடறாங்க. எல்லாரையும் அனுப்பப் போறாங்க."

சேகர் ராபினைப் பார்த்தார். ராபின் தலையாட்டினான். ஹோஸ் சேகர் கையில் அப்படியே இருந்தது. தண்ணீர் தூண் மேல் விழாமல் மண்ணில் ஓடியது. டீயோடு வந்து நின்ற செங்கம்மாள்தான் கேட்டாள்.

"எப்பத்திலருந்து மேடம் உங்களுக்குத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். ராபின் என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டான். அந்தப் பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"கல்லு வெச்சேனே, அன்னிக்கே தெரியும்" என்றேன்.

செங்கம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒரு டீயை ராபினிடம் கொடுத்தாள், ஒன்றைப் புருஷனிடம் கொடுத்தாள். எனக்கு என்று வாங்கி வந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கடக்கால் பக்கம் பார்த்தபடி நின்றாள்.